கருப்பட்டிப் பெயரும் சுவிஸ் பிராங்க்கும்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எங்கள் கருப்பட்டியின் டிரேட்மார்க் ஒருவழியாகப் பதிவாகிவிட்டது. உடன்குடிப் பக்கம் கருப்பட்டி வாங்கி, பாளையங்கோட்டையில் பாக்கெட் போட்டு அனுப்புகிற குடும்பத் தொழில் எங்களுடையது. கோலாலம்பூரில் சரக்கு எடுக்கிறவருக்குப் பூர்வீகம் நம்ம பக்கம்தான். "நீங்க ஏன் அண்ணாச்சி அலையணும்? இங்கே நானே என் பேர்ல பதிஞ்சிடுறேன்" என்று போனில் சொன்னார். அந்தக் கரிசனம்தான் என்னைக் கிளப்பிவிட்டது. பெயர் அவர் கைக்குப் போய்விட்டால் நாளைக்கு வேறொருவருக்கு நம் சரக்கை நாமே அனுப்ப முடியாது.

இந்தியா 2013-லும் மலேசியா 2019 கடைசியிலும் மாட்ரிட் ஏற்பாட்டில், அதாவது டிரேட்மார்க்கைப் பல நாடுகளில் சேர்த்துப் பதியும் சர்வதேச ஒப்பந்தத்தில், சேர்ந்திருப்பதால், நம்மூர்ப் பதிவை அடிப்படையாக வைத்து ஒரே விண்ணப்பத்தில் மலேசியா, சிங்கப்பூர் இரண்டையும் குறிக்கலாம். ஆன்லைனில்தான் போட வேண்டும். டிரேட்மார்க் சரக்குப் பட்டியலில் கருப்பட்டி 30-ஆம் வகுப்பு. இதெல்லாம் ஒரு மத்தியானத்தில் முடிந்தது.

முதல் அடி பெயரில் விழுந்தது. இந்தியப் பதிவு அப்பா பெயரில் இருந்தது. இப்போது நடப்பது கூட்டு நிறுவனம். கன்சல்டன்டிடம் முதலிலேயே கேட்டேன். "அதெல்லாம் பாக்க மாட்டாங்க சார்" என்றார். பார்த்தார்கள். உரிமையாளர் பெயர், லோகோ எல்லாம் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருந்தால்தான் இந்திய டிரேட்மார்க் அலுவலகம் சான்று கொடுத்து ஜெனீவாவில் இருக்கும் வைப்போவுக்கு (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) அனுப்பும். நிறுவனத்தின் பெயருக்கு மாற்றி எழுதி, அதற்கான டிஎம்-பி படிவம் போட்டு, அது ஏறும்வரை காத்திருந்தோம். மாற்றியதற்கும் அந்தக் கன்சல்டன்ட் தனியாக ஃபீஸ் வாங்கிக்கொண்டார் என்பதை இங்கே எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அப்புறம் பணம். இந்திய அலுவலகத்தின் 5,000 ரூபாயை இங்கேயே கட்டிவிடலாம். வைப்போ கட்டணம் ஜெனீவாவுக்கு, சுவிஸ் பிராங்க்கில் போக வேண்டும். அடிப்படைக் கட்டணம் கறுப்பு வெள்ளை லோகோவுக்கு 653, கலர் என்றால் 903. அதற்குமேல் நாட்டுக்கு நாடு தனி. எங்கள் லேபிள் கலர். இனிமேல் பதிகிறவர்கள் இந்தியாவில் போடும்போதே இதை யோசித்துக்கொள்ளுங்கள், பின்னால் நிறத்தை மாற்ற முடியாது.

வங்கியில் இருந்தவர் டாலர், திர்ஹாம் தவிர வேறு எதையும் அனுப்பியதில்லை போல. "பார்ட்டி யாரு? இன்வாய்ஸ் எங்க?" என்று கேட்டார். ஐ.நா. அமைப்பு சார், இன்வாய்ஸ் தர மாட்டார்கள், இதுதான் கட்டணக் கணக்கு என்று பிரிண்ட் எடுத்துக் காட்டினேன். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம் கொடுத்தேன். ஆடிட்டரிடம் 15சிபி என்ற வரிச் சான்று வாங்கி வரச் சொன்னார், வாங்கிப் போனேன். அன்றைக்கு அவர் லீவு.

கடைசியில் பணம் போனது, ஆனால் முழுசாகப் போகவில்லை. நடுவில் இருக்கும் வங்கி தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டது. தொகை குறைகிறது, மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும் என்று வைப்போவிலிருந்து கடிதம். மீதியை அவர்கள் தளத்திலேயே கிரெடிட் கார்டில் கட்டினேன், சில நிமிடம்கூட ஆகவில்லை. வங்கியில் அனுப்புவதானால் எல்லா கமிஷனும் அனுப்புகிறவர் தலையில் என்ற கட்டத்தை டிக் செய்திருக்கிறார்களா என்று நீங்களே எட்டிப் பாருங்கள்.

வைப்போ இதழில் பெயர் வெளியானதும் பில்கள் வர ஆரம்பித்தன. முத்திரை, சர்வதேசப் பதிவு எண், எங்கள் லோகோ, யூரோவில் தொகை. தம்பி கிட்டத்தட்டக் கட்டிவிட்டான். எல்லாம் மோசடி, வைப்போவே தன் தளத்தில் இப்படிப்பட்ட பில்களின் மாதிரிகளைப் போட்டு எச்சரிக்கிறது.

சிங்கப்பூரில் சத்தமில்லாமல் முடிந்தது. மலேசியாவும் ஆட்சேபம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கே ஒரு ஏஜென்ட் வைத்துத்தான் பதில் தர வேண்டியிருக்கும், அந்தச் செலவு தப்பியது. இனி ஒரு கவலை மட்டும் பாக்கி: சர்வதேசப் பதிவு தேதியிலிருந்து ஐந்து வருடத்துக்குள் இந்தியப் பதிவு ரத்தானால் வெளிநாட்டுப் பதிவும் கூடவே விழும். கோலாலம்பூர்க்காரருக்குச் சான்றிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு கும்பிடு மட்டும் வந்தது, கூடவே அடுத்த ஆர்டரும்.