ரூட்டரை மாற்றுவதா, வேண்டாமா?

உள்ளறையில் பேசிக்கொண்டிருந்த காணொளி அழைப்பு இன்று மாலையும் உறைந்து நின்றது. மடிக்கணினியைக் கூடத்துக்குக் கொண்டுவந்ததும் சீரானது.

"புதிய ரூட்டர் வாங்கிவிடலாம்" என்று வீட்டில் உடனே தீர்ப்பு வந்தது. எனக்கு அவ்வளவு எளிதில் மனம் ஒப்பவில்லை.

மடிக்கணினியைக் கம்பி வழியே ரூட்டருடன் இணைத்துச் சோதித்தேன். வேகம் முழுமையாக வந்ததால், குறை இணைய இணைப்பில் இல்லை, வைஃபையில்தான் என்பது உறுதியாயிற்று. எங்கள் ரூட்டருக்குத் தெரிந்தது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே. அது சுவர்களை ஓரளவு கடக்கும் என்றாலும், அதற்குள் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (ரூட்டர் பயன்படுத்தும் தடங்கள்) 1, 6, 11 என மூன்றுதான் என்பதால், அக்கம்பக்கத்து ரூட்டர்களின் நெரிசலில் அது திணறுகிறது. தொலைக்காட்சிக்குப் பின்னால் கிடந்த ரூட்டரை அலமாரியின் மேல் வைத்துச் சேனலையும் மாற்றியதும் உள்ளறையில் பாதித் தொல்லை தீர்ந்தது. (இதைச் செய்யாமலே புதிதாக வாங்குவோர்தாம் அதிகம் என்று நினைக்கிறேன்.)

ஆயினும் மாற்றத்தான் போகிறேன், காரணம் வேகமன்று. 2009இல் வெளியான 802.11என் என்னும் பழைய வைஃபை தரத்தைச் சேர்ந்த இந்தக் கருவிக்கு, அதன் தயாரிப்பாளர் மென்பொருள் புதுப்பிப்பு தருவதை எப்போதோ நிறுத்திவிட்டார். இனி கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டை எதுவும் அடைபடாது. வீட்டின் இணையப் போக்குவரத்து அனைத்தும் கடந்துசெல்லும் வாசலில் அதை ஏற்க இயலாது. 2018இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 என்னும் வைஃபை பாதுகாப்பு முறையும் இதில் இல்லை.

புதிய ரூட்டருக்கு வைஃபை 6 தலைமுறை போதும். அதைவிடப் புதிய வைஃபை 7ஐப் பயன்படுத்தத்தக்க கருவி எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை.