சேவ் செய்யும் இடம் வரும் வரை

2025 ஜூன் 1, ஞாயிறு

அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்த பிளேஸ்டேஷன் 2 வீடியோ கேம் டிஸ்குகளை இன்று தரையில் பரப்பி எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 31 இருக்கின்றன. அவற்றில் கடைசிவரை ஆடி முடித்தவை எட்டுதான். மற்ற 23-ம், மலிவாகக் கிடைத்த காலத்தில் அள்ளிக்கொண்டு வந்து, இரண்டு மூன்று மணி நேரம் ஆடிவிட்டு மூடி வைத்தவை. 2000-இல் ஜப்பானில் வெளியான இந்தக் கன்சோல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் உற்பத்தியில் இருந்ததால், டிஸ்குகளுக்கு எனக்கு என்றுமே பஞ்சம் வந்ததில்லை.

ஒரு நோட்டில் முடித்தவை, விட்டவை என்று இரண்டு பத்திகள் மட்டும் போட்டிருக்கிறேன். ஒன்றை ஏதாவது ஒரு பத்தியில் சேர்த்த பிறகே அடுத்த டிஸ்கைத் தொட வேண்டும்.

கன்சோல் உயிரோடுதான் இருக்கிறது. உள்ளிருக்கும் காசு வடிவ பேட்டரி மட்டும் தீர்ந்துவிட்டதால், மின்இணைப்பைப் பிடுங்கும்போதெல்லாம் தேதியை மறந்துவிடுகிறது. பெட்டியைத் திறந்து மாற்றச் சோம்பலாக இருப்பதால், இப்போதைக்குக் கையால் தேதி வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 4, புதன்

முதலில் ‘இகோ’வை எடுத்தேன். ஃபுமிட்டோ உவேதா இயக்கி 2001-இல் வெளியானது. தலையில் கொம்புள்ள சிறுவன் ஒருவன், பாழடைந்த கோட்டையிலிருந்து யோர்டா என்ற பெண்ணைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு தப்ப வேண்டும்; கதை இவ்வளவுதான். ஆர்1 பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும் வரை அவள் கை இவன் கையில் இருக்கும். இவன் வேகமாக ஓடினால் அவள் பின்னால் இழுபட்டுத் தடுமாறுவாள், அந்த இழுப்பு கன்ட்ரோலரின் அதிர்வாக நம் உள்ளங்கைக்கு வந்து சேரும்.

ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடரும்படி சேவ் செய்வதற்குக் கோட்டைக்குள் ஆங்காங்கே கல் சோபாக்கள் போட்டிருக்கிறார்கள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் சேவ் ஆகும். வீடு அடங்கிய பிறகு எனக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம். இன்று ஒரு மணி பத்து நிமிடம் ஆகியும் சோபா கண்ணில் படவில்லை. ஒருவழியாகக் கண்டபோது நிழல் உருவங்கள் வந்து யோர்டாவைக் குழிக்குள் இழுத்துக்கொண்டிருந்தன. அவளை விட்டுவிட்டு நான் மட்டும் போய் உட்கார வழியில்லை. படுக்கும்போது மணி பன்னிரண்டு.

23 கேம்கள் பாதியில் நின்றதற்கு என் சோம்பல்தான் காரணம் என்று இதுவரை நினைத்திருந்தேன். ஆனால் அந்தக் காலத்துக் கேம்கள் பலவற்றில் நாம் எப்போது எழுந்து போகலாம் என்பதை நாம் முடிவு செய்வதில்லை. கேம்தான் முடிவு செய்கிறது. பள்ளி விடுமுறையில் அது ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை.

ஜூன் 8, ஞாயிறு

‘இகோ’ முடிந்தது. முடிவைப் பற்றி எதுவும் எழுதப் போவதில்லை.

ஜூன் 14, சனி

‘ஃபைனல் ஃபேன்டஸி 10’. இதுவும் 2001-தான். சேவ்களைச் சேமிக்கும் மெமரி கார்டில் 2009-இல் நானே வைத்த சேவ் ஒன்று இருந்தது. ஆடிய நேரம் 58 மணி என்று காட்டியது. திறந்தால், ககஸெட் மலையில் சீமோர் என்ற வில்லனுடன் மோத வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் நிற்கிறேன். யாருக்கு என்ன ஆயுதம், எந்த மந்திரத்தை எதற்காகக் கற்றுவைத்தேன் என்று ஒன்றும் நினைவில்லை; இன்னொருவர் சமையலறையில் உப்பு டப்பாவைத் தேடுவது போல அரை மணி நேரம் மெனுக்களுக்குள் துழாவினேன்.

அன்று ஏன் நிறுத்தினேன் என்பது மட்டும் உடனே நினைவுக்கு வந்துவிட்டது. சீமோர் முதலில் ஈட்டியால் குத்தி நம் ஆளைப் பிணநிலைக்கு மாற்றுகிறான். பிறகு அவனுடைய துணை உருவம் அதே ஆள் மீது உயிர்ப்பிக்கும் மந்திரத்தைப் போடுகிறது. பிணநிலையில் இருப்பவருக்கு உயிர்ப்பிக்கும் மந்திரமே எமன். இடையில் கிடைக்கும் வாய்ப்பில் புனித நீரைத் தெளித்து மீட்க வேண்டும்; முதல் தடவை இது யாருக்கும் புரியப் போவதில்லை. தோற்றால், சண்டைக்கு முன்வரும் காட்சியைத் தாண்டவும் முடியாது, சீமோரின் வியாக்கியானம் முழுவதையும் மறுபடி கேட்டே ஆக வேண்டும். இன்று நான்கு முறை கேட்டேன்.

ஜூன் 19, வியாழன்

சீமோர் விழுந்தான். 16 ஆண்டுக் கடன்.

ஜூன் 22, ஞாயிறு

அதே ‘ஃபைனல் ஃபேன்டஸி’யில், என் அணியின் மந்திரக்காரி லூலுவின் ஆயுதத்துக்காக, இடி விழும் சமவெளியில் தொடர்ந்து 200 மின்னல்களுக்குத் தப்ப வேண்டும். எங்கள் எல்சிடி டிவி படத்தை ஒரு கணம் பிந்திக் காட்டுவதால், வெளிச்சம் தெரிவதற்குள் அடி விழுந்துவிடுகிறது. அதிகபட்சம் 17. கைவிட்டேன், வருத்தமில்லை.

ஜூன் 25, புதன்

மெமரி கார்டு போய்விட்டது. கன்சோலுக்குரிய அசல் கார்டு 8 எம்பிதான். நான் வைத்திருந்தது, 64 எம்பி என்று அட்டையில் பெருமையாக அச்சிட்டு யாரோ செய்து விற்ற மலிவுச் சரக்கு. இன்று செருகினால், ஃபார்மட் செய்யப்படாத கார்டு என்கிறது. 2009-இன் சேவ், சீமோர், பதினேழு மின்னல்கள் எல்லாம் ஒரே வரியில் தீர்ந்தன.

நோட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது? நான் முடிக்கவுமில்லை, விடவுமில்லை. ‘போனவை’ என்று மூன்றாவதாக ஒரு பத்தி போட்டேன்.

ஜூலை 3, வியாழன்

பழைய 8 எம்பி கார்டு ஒன்றைத் தேடியெடுத்து, ‘மெட்டல் கியர் சாலிட் 3’-ஐத் தொடங்கியிருக்கிறேன். ஹிடியோ கோஜிமா இயக்கி 2004-இல் வந்த கேம். கதை நடப்பது 1964-இல், சோவியத் காடுகளில். வானொலியில் அழைத்தால் போதும், நினைத்த நேரத்தில் சேவ் செய்யலாம். அந்தப் பக்கம் இருக்கும் பெண் மருத்துவர் பழைய சினிமாக்களைப் பற்றிப் பேசுவதையும் கேட்கலாம். எனக்கென்றே செய்தது போலிருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

‘தி எண்ட்’ என்ற நூறு வயது கடந்த குறிபார்ப்பாளன் காட்டுக்குள் மறைந்திருந்து சுடுகிறான். இந்தச் சண்டையின் நடுவே சேவ் செய்துவிட்டு ஒரு வாரத்துக்கு மேல் கழித்து வந்தால், கிழவர் முதுமையால் இறந்து கிடப்பார். கேம் இதற்குப் பார்ப்பது கன்சோலின் கடிகாரத்தை. என் கன்சோலிலோ கடிகாரம் செத்துப்போயிருக்கிறது, ஒவ்வொரு முறையும் தேதியை வைப்பவன் நான். இன்றிரவு ஜூலை 16 என்று வைத்தேன். கிழவர் செத்துக் கிடந்தார்.

பத்து நிமிடம் சிரித்தேன். பிறகு என்னவோ உறுத்தியது. சண்டைக்கு முந்தைய சேவிலிருந்து மீண்டும் தொடங்கினேன். வெப்பத்தைக் காட்டும் கண்ணாடியில் அவருடைய காலடித் தடங்கள் மங்குவதற்குள் பின்தொடர்ந்து, ஒலிவாங்கியை மரத்துக்கு மரம் திருப்பி ஒட்டுக்கேட்டு, இரண்டு மணி நேரம் போராடிக் கடைசியில் முதுகுப் பக்கமாகப் பிடித்தேன்.

ஜூலை 12, சனி

‘மெட்டல் கியர்’ முடிந்தது. கன்சோலையும் திறந்து 2032 பேட்டரியை மாற்றிவிட்டேன். சில திருகாணி வேலைக்கா ஒன்றரை மாதம் தள்ளிப்போட்டேன்!

இரவு ‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’, உவேதாவின் அடுத்த கேம், 2005. மொத்தமே 16 பூதங்கள், வேறு எதிரிகளே கிடையாது. மூன்றாவது பூதம் ஏரி நடுவே ஒரு மேடையில் நிற்கிறது. தரையில் பதித்த உலோகத் தட்டின் மேல் நாம் நின்றால், நம்மைக் குறிவைத்து வாளை ஓங்கி அடிக்கும். தட்டில் மோதிய வேகத்தில் அதன் மணிக்கட்டுக் கவசம் உடைகிறது. பிறகு வாள் மீதே ஓடி ஏறி, கை மயிரைப் பற்றிக்கொள்ள வேண்டும். பற்றுவதற்கும் அதே ஆர்1 பொத்தான்தான். யோர்டாவின் கையைப் பிடித்த விரல், இன்று பூதத்தின் தோளில் தொங்கி வலிக்கிறது. பிடிபலம் காட்டும் வட்டம் சுருங்கிச் சுருங்கி இரண்டு முறை கீழே விழுந்தேன், மூன்றாம் முறை உச்சந்தலையில் வாள் இறங்கியது.

ஒவ்வொரு பூதமும் விழுந்ததும் சேவ் செய்யவா என்று கேட்கிறது. இடையில் நிறுத்த வேண்டுமென்றால், வெட்டவெளியில் தொலைதூரத்துக்கு ஒன்றாக நிற்கும் சிறு மண்டபங்களின் முன் மண்டியிட வேண்டும். அப்படி ஒன்று அருகில் எங்கே இருக்கிறது என்று மட்டும் குதிரையில் போய்ப் பார்த்து வைத்துவிட்டு, பதினொன்றரைக்கு அணைத்தேன்.