சாயம்

நேற்று, இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனைச் சந்தையில் அவனைக் கண்டேன். பதினைந்து ஆண்டுகளாக எழுதத் துணியாததை இன்று எழுதுகிறேன். பெயரை மட்டும் எழுதமாட்டேன், அவனுக்கு மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

எங்கள் பாண்டிருப்பிலிருந்து முஸ்லிம் ஊரான மருதமுனைக்கு நடந்தே போகலாம். ஆனால் 22 வயதில், அங்குள்ள கைத்தறிக் கொட்டில் ஒன்றில் நூலுக்குச் சாயம் போடும் வேலைக்குச் சென்ற தமிழ்ப் பையனான எனக்கு, அந்தத் தெரு ஒவ்வொரு காலையும் ஓர் எல்லையாகவே இருந்தது. ஒரு வயது மூத்தவனான அவன் தறியில் சாறன் நெய்வான். ஒரு மாலை பாவு நூல் அறுந்தபோது, முடிச்சுப் போடும் சாட்டில் இருவரும் வெகுநேரம் குனிந்தே இருந்தோம். நீலம் ஊறிய என் விரல்களைப் பிடித்து, "இது கழுவினாப் போகாது மச்சான்" என்றான். அதற்கு முன் என்னை யாரும் அப்படித் தொட்டதில்லை.

1990இன் போர்க்கால மரணங்களைத் தமிழர், முஸ்லிம்கள் என இரு சமூகங்களும் இன்னும் மறக்காத இந்தக் கரையில், ஒரு தமிழ்ப் பெண்ணும் முஸ்லிம் பையனும் விரும்பினாலே ஊர் கூடும். எங்களுக்கோ ஊருக்கு மேலாகச் சட்டமும் இருந்தது: ஒருபால் உறவைக் குற்றமாக்கிய, 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள். 2023 மே மாதம், அந்தக் குற்றத்தை நீக்க அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என உயர் நீதிமன்றம் கூறியபோது, நான் தனியே அமர்ந்து அழுதேன்.

அவனுடைய மாமா எங்கள் வீட்டுக்கு வந்து போன மறுநாளே வேலை போயிற்று.

நேற்று அவன் முதலில் பார்த்தது என் கைகளைத்தான்.