ஜன்னலோரம் வைத்த பீக்கர்

பிளஸ் டூ படித்த வருடம், ஜனவரி மாதம். ஊட்டியில் காலையில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். மப்ளரைச் சுற்றிக்கொண்டு ஆய்வகத்துக்குள் போனால், பீக்கரைத் தொட்டதும் விரல் விறைத்துவிடும்.

முந்தைய நாள் சாயங்காலம் வேதியியல் சார் எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். சமையல் உப்பையும் சோடியம் சல்பேட்டையும் வெதுவெதுப்பான தண்ணீரில், இனிமேல் கரையாது என்னும்வரை கரைத்து, அடியில் மிஞ்சியதோடு ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். காலையில் பார்த்தால் கண்ணாடிச் சில்லு மாதிரி நீளநீளமாகப் படிகங்கள்!

"உப்பு விளைஞ்சிருக்கு சார்" என்றேன்.

"உப்புன்னா கட்டம் கட்டமா இருக்குமே தம்பி, நல்லா பாரு."

ஒரு படிகத்தைக் கழுவிக் கரைத்து பேரியம் குளோரைடு விட்டேன். பாலாகத் திரண்டது. சல்பேட்!

சார் கரும்பலகைக்குப் போனார். 100 கிராம் தண்ணீரில் சமையல் உப்பு 0 டிகிரியில் சுமார் 36 கிராம் கரையும், கொதிநிலையில் 39. குளிரோ வெயிலோ அதற்குப் பெரிய வித்தியாசமில்லை. சோடியம் சல்பேட் அப்படியில்லை. 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தேறாது, 30-இல் 40 கிராம், 32.4-இல் ஏறக்குறைய 50. அதற்கு மேல் சூடாக்கினால் கரைதிறன் குறையத் தொடங்கும். காரணம், 32.4 வரை கரைசலோடு சமநிலையில் இருப்பது ஒவ்வொரு சோடியம் சல்பேட்டும் பத்து நீர் மூலக்கூறுகளைக் கட்டிவைத்திருக்கும் படிகம், அதாவது கிளாபர் உப்பு. அதற்கு மேல் நீரற்ற சல்பேட்.

மதியம் போய்ப் பார்த்தேன். ஜன்னல் வெயிலில் படிகங்கள் உருக்குலைந்து வெள்ளை மாவாகியிருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாருக்கோ முகமெல்லாம் மலர்ச்சி. இதற்காகத்தான் காத்திருந்தாராம். "32.4 அது தனியா இருக்கும்போது. சமையல் உப்பு நிறைஞ்ச கரைசல்ல, அந்த மாற்றம் 17.9-லயே நடந்துடும்" என்றார். தண்ணீரைச் சமையல் உப்பு தன் பக்கம் இழுப்பதால், கிளாபர் உப்பு தன் நீரை முன்கூட்டியே விட்டுவிடுகிறது. நம் ஊரின் ஜனவரி இரவு 17.9-க்கு வெகு கீழே, ஜன்னல் வெயில் அதற்கு மேலே. ஒரே நாளில் அந்த எல்லையைப் பீக்கர் இரண்டு முறை தாண்டியிருக்கிறது!

பாடத்தில் இல்லாத நிலைமை விதியையும் (phase rule) அன்றே சொல்லிக்கொடுத்தார். ஒரு கலவையில் எத்தனை நிலைமைகள், அதாவது தனித்தனித் திண்மங்களும் கரைசலும், சேர்ந்து இருந்தால், வெப்பநிலை, செறிவு போன்றவற்றில் எத்தனையை நம் விருப்பப்படி மாற்றலாம் என்று சொல்லும் விதி அது. இரண்டு உப்பும் தண்ணீருமாகக் கூறுகள் மூன்று. 17.9-இல் சமையல் உப்பு, கிளாபர் உப்பு, நீரற்ற சல்பேட், கரைசல் என நிலைமைகள் நான்கு. அழுத்தம் மாறாதபோது, கூறுகளிலிருந்து நிலைமைகளைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் 3 − 4 + 1 = 0. அதாவது நம் விருப்பப்படி மாற்ற எதுவுமில்லை. வெப்பநிலையையோ செறிவையோ கொஞ்சம் நகர்த்தினாலும் நான்கில் ஒன்று காணாமல் போகும்.

இப்போது வளைகுடாவில், உப்புக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆலையில் இருக்கிறேன். திருப்பூர்ச் சாயக் கழிவுநீரில் இருக்கும் அதே இரண்டு உப்புகள்தான் இங்கேயும். சேர்த்துக் காய்ச்சினால் யாருக்கும் வேண்டாத கலப்பு உப்புதான் மூட்டை மூட்டையாகத் தேங்கும். அதனால் முதலில் குளிரவைத்து கிளாபர் உப்பைப் பிரிக்கிறோம். அப்புறம் அதைச் சூடாக்கி நீரற்ற சல்பேட்டாக்குகிறோம். அந்த ஜன்னல் ஒரு ராத்திரியும் ஒரு மதியமுமாகச் செய்த அதே வேலை.

புதிதாக வரும் இன்ஜினியர்களுக்கு முதல் நாள் பீக்கரைத்தான் கொடுக்கிறேன். இந்த ஊரில் ஜன்னலோரம் வைத்துப் பயனில்லை. ராத்திரி பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு, காலையில் வந்து என்னைக் கூப்பிடச் சொல்கிறேன்.