மீனுக்குப் பேன் பார்த்தவள்

வன்னியில் ஆவணி, புரட்டாதி மாதங்களில் குளங்கள் சுருங்கிவிடும். சிறுபோக வயலுக்குத் துருசு (மதகு) திறந்து விட்ட பிறகு நடுவில் ஒரு தட்டுத் தண்ணீர்தான் மிஞ்சும். அலைகரை முழுவதும் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். குளத்தில் இருக்கும் மீன் அத்தனையும் அந்தத் தட்டுத் தண்ணீருக்குள் முட்டி மோதிக்கொண்டு நிற்கும். மீனவருக்கு அது அறுவடைக் காலம். மீனின் உடலில் ஒட்டி வாழ்கிறவற்றுக்கும் அதுதான் அறுவடைக் காலம். நன்னீர் மீன்பிடி விரிவாக்கல் உத்தியோகத்தராகக் குளக்கட்டுகளில் அலைந்த பன்னிரண்டு ஆண்டுகளில் இதை ஒவ்வொரு வறட்சியிலும் பார்த்திருக்கிறேன்.

அப்படி ஒரு புரட்டாதிக் காலையில் நான் செய்த முட்டாள்தனத்தைத்தான் எழுதப் போகிறேன். குளத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். கண்ணாடித் தொட்டிக்கு மீன் பிடித்து விற்பவர்களுக்குக் காது நீளம். அருவியாற்றுப் பக்கத்துக் குளம் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

காலையில் வள்ளங்கள் கரை சேரும்போது தராசோடும் பதிவேட்டோடும் இறங்குதுறையில் நிற்பது என் வேலை. திலாப்பியா இத்தனை கிலோ, ரோகு இத்தனை, கட்லா இத்தனை, சாதாக் கெண்டை இத்தனை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல். கடைசி நிரலின் தலைப்பு 'ஏனையவை'. விரால், குறவை, கெளிறு, விலாங்கு என்று இந்த மண்ணில் காலங்காலமாக வாழ்ந்த மீன்கள் எல்லாம் அந்த ஒற்றை நிரலுக்குள் அடங்கிவிடும். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்களுக்குத் தனித்தனிப் பெயர், உள்ளூர் மீன்களுக்குக் கூட்டுப் பெயர். பல ஆண்டுகள் அந்தப் பதிவேட்டை நிரப்பியும் இது எனக்கு உறைக்கவில்லை.

அன்று சங்கத்தில் மூத்தவரான அப்பு ஒரு வாளியைத் தனியாகத் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் அவர் அப்புதான்.

“பிள்ளை, இது நீங்கள் கொண்டுவந்து விட்ட குஞ்சு இல்லை” என்றார்.

வாளிக்குள் ஒரு மீன் உயிரோடு நின்றது. சாம்பல் கறுப்பு உடம்பு, கீழ்நோக்கிய வாய், தடித்த உதடு. பாறையிலும் தடியிலும் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும் லேபியோ வகைக்குரிய வாய் அது. ரோகுவும் அதே வகைதான், ஆனால் இது ரோகு இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது. முதுகுச் செட்டையின் அடியில் பச்சை கலந்த நூல் ஒன்று தொங்கியது. நுனியில் இரண்டு சிறிய பைகள். மார்புச் செட்டையின் மடிப்பில் துவரம்பருப்பு அளவில் தட்டையாக ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டு மெல்ல நகர்ந்தது.

நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. பையிலிருந்து இடுக்கியை எடுத்தேன். நூலைப் பிடித்து இழுத்தேன், அறுந்து வந்தது. தட்டையானதை நகத்தால் சுரண்டி எடுத்தேன். இரண்டையும் மணலில் எறிந்து செருப்பால் தேய்த்துவிட்டேன். காயத்தில் மருந்து தடவி, கைத்தொலைபேசியில் நாலு படம் எடுத்து, மீனைத் தண்ணீரில் விட்டேன். அது ஆழத்துக்கு இறங்கி மறைந்தபோது பெரிய புண்ணியம் செய்த நிறைவு எனக்கு.

அன்று மாலை பல்கலைக்கழகத்தில் மீன்களை ஆராயும் ஓர் அக்காவுக்குப் படங்களை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. மீனைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

“தங்கச்சி, அந்த ஒட்டுண்ணிகளை எதில் போட்டு வைத்திருக்கிறீர்கள்?” என்றார்.

செருப்பைக் குனிந்து பார்த்தேன்.

என் கை அப்படிப் பழகியதற்குக் காரணம் உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில் குஞ்சு பொரிப்பகம் ஒன்றில் ஆறு மாதம் பயிற்சி. சிமெந்துத் தொட்டிகளில் விரலளவுக் குஞ்சுகள் பல்லாயிரம். ஒரு நாள் காலையில் குஞ்சுகள் சுவரில் பக்கவாட்டாக உடம்பை உரசி உரசிப் பாயும். உடம்பு தினவெடுத்த மாட்டைப் போல இருக்கும். அதைக் கண்டாலே எங்களுக்கு வயிற்றில் புளி கரையும். மீன் பேன் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆர்குலஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். பேன் என்று சொன்னாலும் தலைப்பேனுக்கும் அதற்கும் உறவில்லை. அது இறால், நண்டு ஆகியவற்றின் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. பெண் பேன் முட்டையிடுவதற்கு மீனை விட்டு இறங்கிவிடும். கல், தடி, சுவர் என்று கெட்டியான எதையாவது தேடி வரிசை வரிசையாக முட்டைகளை ஒட்டும். இந்தப் பழக்கத்தை வைத்துத்தான் அதைப் பிடிப்போம். பலகைத் துண்டுகளைத் தொட்டிக்குள் தொங்கவிட்டு, சில நாட்களுக்கு ஒரு தடவை வெளியே எடுத்து வெயிலில் காய வைப்போம். வேலைகள் எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஒரு பலகையில் நூற்றுக்கணக்கான முட்டைகள் சுருங்கிக் காய்வதைப் பார்ப்பதில் ஒரு கொடூரமான திருப்தி இருந்தது. எதிரி யார் என்று தெளிவாகத் தெரிந்த காலம் அது.

வாளி மீனின் முதுகில் நூலாகத் தொங்கியது நங்கூரப் புழு. அதை இப்படி எளிதாகப் பிடிக்க முடியாது. உண்மையில் அது புழுவே இல்லை. சுவீடன் விஞ்ஞானி லின்னேயஸ் 1758இல் அதற்கு லெர்னியா சிப்ரினேசியா என்று பெயர் வைத்தபோது புழுக்களின் கூட்டத்தில்தான் சேர்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. முதிர்ந்த பெண்ணைப் பார்த்தால் யாரும் புழு என்றுதான் சொல்வார்கள். முட்டையிலிருந்து வரும் குஞ்சுதான் அதன் குலத்தைக் காட்டிக்கொடுக்கிறது. காலும் உணர்கொம்புமாக நீந்தித் திரிகிற, இறால் குஞ்சின் சாயல் கொண்ட ஓர் உயிர். தோலைப் பல தடவை கழற்றி வளர்ந்து, புணர்ச்சி முடிந்ததும் ஆண் செத்துவிடும். பெண்ணோ, மீனின் தசைக்குள் தன் தலையைச் செருகும். செருகிய தலை கிளை விட்டு நங்கூரம்போல விரியும், உடம்பு நூலாக நீளும். கால்கள் இருந்த இடம் தெரியாது. நம் வெப்பநிலையில் இந்தச் சுற்று முழுவதும் மூன்று வாரமளவில் முடிந்து அடுத்தது தொடங்கிவிடும். குளிர்காலம் உள்ள நாடுகளில் நீர் குளிர்ந்தால் இதன் வளர்ச்சி நின்றுபோகும். வன்னிக் குளத்துக்கு அந்த ஓய்வு கிடையாது.

நான் இழுத்தபோது நூல் அறுந்து வந்தது என்றேன் அல்லவா? தலை அந்த மீனின் சதைக்குள்ளேயே தங்கியிருக்கும். அதாவது, மருந்து தடவி வழியனுப்பிய புண்ணியமும் அரைகுறைதான்.

அக்கா அன்றிரவு பொறுமையாக விளக்கினார். படத்தில் இருப்பது லேபியோ லங்கேயாக இருக்கக்கூடும், படத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது என்றார். இலங்கை விலங்கியலாளர் பீ.ஈ.பி. தெரணியகல 1952இல் விவரித்த மீன் அது. இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. இங்கும் வரண்ட வலயத்தில் மட்டும், அதுவும் அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்ட நிலையில். அதே 1952இல்தான் மொசாம்பிக் திலாப்பியா இந்த நாட்டுக் குளங்களுக்கு வந்தது. ஒன்றுக்குப் பெயர் கிடைத்த ஆண்டில் மற்றதற்குக் குடியுரிமை கிடைத்திருக்கிறது. என் பதிவேட்டின் நிரல்கள் அன்று முதல் தடவையாக வேறு விதமாகத் தெரிந்தன.

அவர் ஒட்டுண்ணியைக் கேட்டதற்குக் காரணம் இதுதான். சிப்ரினேசியா இனம் கெண்டை மீன்களோடும் தங்க மீன்களோடும் உலகம் சுற்றிய ஒன்று. எந்த மீன் என்று அது பார்ப்பதில்லை, தவளைக் குஞ்சில்கூடக் கண்டிருக்கிறார்கள். மீனில் இருந்தது அதுவென்றால், நாங்கள் விட்ட வளர்ப்பு மீன்களோடு வந்த நோய் ஓர் அபூர்வ மீனைத் தொற்றியிருக்கிறது. அது எச்சரிக்கை. ஆனால் இந்த மீனோடு இந்த ஆற்றிலேயே காலங்காலமாக வாழ்ந்த வேறோர் இனமாகவும் அது இருந்திருக்கலாம் அல்லவா? அப்படியானால் அதுவும் மீனைப் போலவே அபூர்வம். ஓர் அபூர்வ மீனில் மட்டும் வாழும் உயிர் அந்த மீன் இல்லாத இடத்தில் வாழ முடியாது, மீன் போனால் தானும் போய்விடும். இது பகையா, பழைய குடித்தனக்காரரா என்பதை நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்துத்தான் சொல்ல முடியும். நான் அதைச் செருப்புக்குக் கீழே வைத்துவிட்டேன்.

கலிபோர்னியாவின் கொண்டோர் கழுகைப் பற்றியும் சொன்னார். 1987இல் காட்டில் எஞ்சிய கடைசிப் பறவையும் பிடிக்கப்பட்டு, கூட்டில் வைத்து இனம் பெருக்கினார்கள். நல்ல முயற்சி, வெற்றியும் கண்டது. ஆனால் பறவைகளைப் பேன் நீக்கிச் சுத்தம் செய்தபோது, அந்தக் கழுகில் மட்டும் வாழ்ந்த பேன் இனம் ஒன்று பூண்டோடு போய்விட்டது. இதைச் செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. என்னைப் போலவே இடுக்கியோடு நின்ற அக்கறைக்காரர்கள். அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

அடுத்த பருவத்திலிருந்து மருந்தகத்தில் வாங்கிய வெற்று ஊசிமருந்துக் குப்பிகளில் அற்ககோல் நிரப்பிக் கொண்டுபோனேன். பேனையால் எழுதினால் மை கரைந்து போகும். அதனால் பென்சிலால் எழுதிய கடதாசித் துண்டைக் குப்பிக்குள்ளேயே போட வேண்டும். குளம், திகதி, மீன், உடம்பில் எந்த இடம். பூமூடியைத் தூக்கிப் பூக்களையும் (செவுள்களையும்) பார்க்கப் பழகினேன். எர்காசிலஸ் என்ற இன்னொரு வகை அங்கேதான் ஒளிந்திருக்கும், அதிலும் பெண்தான் ஒட்டி வாழும். செத்த மீன் கிடைத்தால் முழுதாகவே போத்தலில் இட்டு வைத்தேன். பழைய போத்தல் மீன்களின் பூக்களில்கூட ஒட்டுண்ணிகள் அப்படியே இருக்கும் என்று அக்கா சொல்லியிருந்தார்.

இறங்குதுறையில் இது பெரிய பகிடியாகிவிட்டது. “மிஸ் மீனுக்குப் பேன் பார்க்கிறார்” என்று பொடியன்கள் சிரித்தார்கள். எங்கள் ஊர்களில் பேன் பார்ப்பது மத்தியானத் திண்ணையில் பெண்கள் செய்கிற காரியம், ஊர்க்கதையும் அதோடு சேர்ந்து நடக்கும். எனக்கும் அப்படித்தான் நடந்தது. மீனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் நேரத்தில் மீனவர்கள் பேசினார்கள். போர்க்காலத்தில் எந்தக் குளத்தில் என்ன மீன் நின்றது, எந்த ஆண்டு வான் பாய்ந்தபோது எது ஏறி வந்தது என்று பதிவேட்டுக்குள் வராத கதைகள். தடையுள்ள 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண் வலையைப் பற்றியும் தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலையைப் பற்றியும் நான் கேட்காமலே சொன்னவர்கள் உண்டு. மாதாந்தக் கூட்டத்தில் குப்பிகளைக் காட்டியபோது மேலதிகாரி ஒருவர் “பேனைப் பெருமாளாக்காதீர்கள்” என்றார். பழமொழி அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதால் நானும் சிரித்துவிட்டேன்.

ஒரு பேனை உயிரோடு பார்த்ததையும் சொல்ல வேண்டும். தெரிந்த ஆசிரியை ஒருவர் பாடசாலை ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியைத் தந்தார். ஒரு துளித் தண்ணீரில் ரோகுவிலிருந்து எடுத்த ஆர்குலஸ். கண்ணாடிபோன்ற உடம்பு, இரண்டு கரிய கூட்டுக் கண்கள். வயிற்றுப் பக்கத்தில் கிண்ணம்போல இரண்டு உறிஞ்சிகள், அவற்றை மாற்றி மாற்றிப் பதித்து நடக்கிறது. நடுவில் மீனைக் குத்தும் ஊசி. இந்தப் பேனுக்கு மிக நெருங்கிய உறவு, பாம்பு, முதலை ஆகியவற்றின் சுவாசப் பாதையில் வாழும் நாப்புழுக்களாம். குளக்கட்டில் வெயில் காயும் முதலையைக் காணும்போதெல்லாம் இப்போது அதன் நெஞ்சுக்குள் இருக்கக்கூடிய ஒன்றுவிட்ட சகோதரங்களின் ஞாபகம்தான் வருகிறது.

இரண்டு பருவத்தில் 31 குப்பிகள் சேர்ந்தன. எல்லாம் ரோகுவிலும் திலாப்பியாவிலும் சாதாக் கெண்டையிலும் கிடைத்தவை. அந்த லேபியோ திரும்பி வரவில்லை. 'ஏனையவை' நிரலை மட்டும் அடிமட்டம் வைத்து ஆறாகப் பிரித்துக்கொண்டேன். படிவத்தில் அதற்கு இடமில்லை, என் சொந்தக் கொப்பியில்தான்.

போன ஐப்பசியில் மழை தொடங்கியிருந்தது. அப்பு கரையில் இருந்து வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

“அந்த மீன் இனி வந்தால் பேனைப் பிடுங்குவீர்களா, விடுவீர்களா, பிள்ளை?”

“இரண்டு இருந்தால் ஒன்றை எடுப்பேன், அப்பு.”

அவர் வலைக் கண்ணில் சிக்கிய சுள்ளியை ஒடித்து எறிந்தார்.

“ஒன்றுதான் இருந்தால்?”

நான் குப்பியின் மூடியைத் திறந்து, திரும்பவும் மூடினேன்.