மீட்டர் காட்டாத புகை

மின் கணக்கெடுப்பவர் இன்று வந்து போனார். இரண்டு மாதத்துக்கு 520 யூனிட்.

அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நம் நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராம் கரியமில வாயு என்றால், என் வீட்டுக்கு மட்டும் 360 கிலோவுக்கு மேல். 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் முழுவதும் எரிந்தாலும் சுமார் 42 கிலோதான்.

ஆனால் நாட்டின் பசுமைக்குடில் வாயு உமிழ்வுக் கணக்கில் வீட்டின் பெயரில் நிற்பது பெரும்பாலும் அடுப்புப் புகைதான். என் ஏசிக்கான புகை 'மின் உற்பத்தி'யில் சேர்ந்துவிடுகிறது. மின் உற்பத்தி, போக்குவரத்து, வீட்டு அடுப்பு எல்லாம் அடங்கிய எரிசக்தித் துறையின் பங்கு 2020இல் மொத்த உமிழ்வில் சுமார் 75 சதவீதம். வேளாண்மை 14க்கு அருகில்.

எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்திருக்கும் அனல்மின் நிலையச் சாம்பலில் எனக்கும் பங்கு உண்டு. அங்கே மீன் பிடிப்பவர்களின் முகத்தைப் பார்த்து, "வீடுகளால் என்ன பெரிய மாசு?" என்று என்னால் கேட்க முடியாது.

அதற்காக, விளக்கை அணைத்தால் போதும் என்பதையும் நான் ஏற்கவில்லை. ஏசியை 26 டிகிரியில் வைப்பது என் கையில். நிலக்கரியைக் கைவிடுவது அரசின் கையில்.

சொந்தக் கூரை இல்லாத வாடகைக் குடும்பங்களுக்கும் சூரிய மின்சாரம் கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும்.