கஜா வரும் வாரம்

11 நவம்பர் 2018, ஞாயிறு

புயலாகிவிட்டது. பெயர் கஜா. கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் நடுவில் கரையைக் கடக்குமாம். வேதாரண்யத்துக்கு மழை மட்டும்தான் என்று கல்லூரி விடுதி மெஸ்ஸில் எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு இல்லை.

12 நவம்பர்

77-இல் நாகப்பட்டினத்தைப் புயல் அடித்தது இதே தேதியில்தான். வாட்ச்மேன் பெரியவருக்கு அப்போது இளவயது. "வாடை ஓஞ்சிட்டுதுன்னு வெளில வந்துடாதீங்கம்மா. கொஞ்ச நேரத்துல தெக்கேருந்து திரும்பி அடிக்கும். எங்க தெருவுல போனவங்க அந்த ரெண்டாவது அடியிலதான் போனாங்க." அப்படியே எழுதி விடுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன்.

சைக்கிள் ஷெட் கூரையை யாராவது வந்து பார்க்க வேண்டும்.

13 நவம்பர்

தெற்கே இறங்கிவிட்டது. இப்போது கடலூர் – பாம்பன் என்கிறார்கள். இடையில் இருப்பது நாம்.

பகல் முழுக்க ஆய்வகத்தில். ஆசிட் பாட்டில்களை மேல் தட்டிலிருந்து இறக்கி, மணல் பரப்பிய தட்டுகளில் தரையோடு வைத்தோம். சோடியம் மட்டும் நேர் எதிர். மண்ணெண்ணெய்க்குள் கிடக்கும் அந்த ஜாடியில் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும். கீழே வெள்ளம் வந்தாலும் எட்டாத பீரோவின் மேல் அறை, இரட்டை மூடி, சாவி என்னிடம். விடைத்தாள் கட்டுகள் மாடிக்குப் போய்விட்டன. நூலகத்தில் கீழ் வரிசைப் புத்தகங்களைப் பிள்ளைகள் வரிசையாக நின்று கைமாற்றினார்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

தூங்குமூஞ்சி மரத்தின் விடுதிப் பக்கக் கிளைகளை வெட்டச் சொல்லியாயிற்று. ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் மறுபக்கம் கனம் இழுக்கும் என்று மரம் வெட்டுகிறவர் இரண்டு பக்கமும் கழித்தார். அவர் சொன்னதுதான் சரி.

ஷெட்டுக்கு ஆள் வரவில்லை.

14 நவம்பர்

நாளை விடுமுறை. மதியத்துக்குள் விடுதியைக் காலி செய்யச் சொல்லிச் சுற்றறிக்கை.

எங்கே அனுப்புவது? திருச்சி, தஞ்சாவூர்ப் பிள்ளைகள் பஸ் ஓடும்போதே கிளம்பட்டும். புஷ்பவனத்துப் பிள்ளைக்குக் கீற்று வீடு. கோடியக்கரைப் பிள்ளைக்கு மண் சுவர், மேலே ஓடு. இங்கே மாடி வைத்த கான்கிரீட் கட்டடம், ஜெனரேட்டர், ஒரு வாரத்துக்கு அரிசி. பெற்றோரிடம் இருப்பதே பாதுகாப்பு என்கிறது சுற்றறிக்கை. கான்கிரீட்டுக்குள் இருக்கிற பிள்ளையைக் கடலோரக் கீற்று வீட்டுக்கு எந்த மனதோடு அனுப்புவது? அந்தப் பிள்ளை பையைக் கட்டிவைத்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறது. சுனாமிக்கு அதற்கு நாலு வயது. அம்மா இடுப்பில் இருந்து பார்த்த தண்ணீர் நினைவிருக்கிறது என்கிறது.

கல்லூரி முதல்வரிடம் நேரிலேயே கேட்டேன். கரையோரப் பிள்ளைகள் இங்கேயே இருக்கட்டும், முகாமுக்குப் போகாத பெற்றோரும் வந்து சேரட்டும், பொறுப்பு எனக்கு, எழுதியே தருகிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

இரவு பத்து மணி. இன்னும் யோசிக்கிறார்.

15 நவம்பர், காலை

சரி என்றுவிட்டார்! எழுத்தில் இல்லை. வாய்வார்த்தை போதும்.

மதியம்

கூரைத் தொட்டிகளை எல்லாம் விளிம்பு வரை நிரப்பியாயிற்று. வெற்றுத் தொட்டி பறக்கும்; கரண்ட் போனால் குடிக்கவும் அதுதான். ஷெட்டுக்கு ஒருவழியாக ஆள் வந்தது. ஷீட்டைப் பிடிக்கும் ஜே போல்ட் பாதி துருப்பிடித்து உதிர்கிறது. ஷீட்டுகளைக் கழற்றி அடுக்கிக் கயிற்றால் இறுக்கினார்கள். கடைசி மூன்று வரவில்லை.

மாலை

புஷ்பவனத்து அப்பா, அம்மா, பாட்டி வந்துவிட்டார்கள். மாட்டை அவிழ்த்துவிட்டு வந்தாராம். வந்ததிலிருந்து அதே பேச்சு. வடக்கு அறைகளையும் தெற்கு அறைகளையும் பூட்டிவிட்டு, எல்லாரையும் முதல் மாடியில் ஜன்னல் இல்லாத நடைக்கூடத்தில் படுக்க வைத்திருக்கிறேன். கரண்ட் இல்லை.

இரவு 11.30

வடக்குப் பக்கம் ஏதோ ஒரு கதவு பிடுங்கிக்கொண்டது. மூன்று ஷீட்டும் போயிருக்கும்.

1.20

காற்று நின்றுவிட்டது. புஷ்பவனத்து அப்பா மாட்டைப் பார்க்கப் போகிறேன் என்று டார்ச்சோடு படியிறங்கிவிட்டார். பெரியவர் கீழ்க்கதவில் முதுகைக் கொடுத்து நின்று என்னைக் கூப்பிடுகிறார். போகிறேன்.